கஞ்சா வழக்கு: எடை, மகஜர், வேட்புமனு

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜூஜூவாடி சோதனைச்சாவடியிலோ தருமபுரி மாவட்டத்து மொரப்பூர் ரயில் நிலையத்திலோ கஞ்சா பிடிபட்டது என்று செய்தி வந்தால், கூடவே சில கேள்விகளும் வரும். போன மாதம் பிடிபட்டவன் அதற்குள் எப்படி வெளியே வந்தான்? அதே மாதிரி ஒரு பையோடு பிடிபட்ட இன்னொருவன் ஏன் ஒரு வருஷமாகச் சேலம் மத்தியச் சிறையில் இருக்கிறான்? பிடிபட்டவர் கட்சிப் பொறுப்பில் இருந்தாலோ, ஒரு பிரமுகரின் மகனாக இருந்தாலோ பேச்சு வேறு பக்கம் போய்விடும். "பணம் விளையாடிவிட்டது" என்று ஒரு பக்கம் பேசுவார்கள், "பழிவாங்கல்" என்று மறுபக்கம் சொல்வார்கள். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

இந்த வழக்குகளின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: தராசில் விழுந்த எடை, முதல் மூன்று நாளில் எழுதப்பட்ட தாள்கள். அரசியல்வாதியின் சொந்த வாழ்க்கை எந்த இடத்தில் பொது விஷயமாகிறது என்பதற்கும் சட்டம் ஓரளவு தெளிவான கோடு போட்டிருக்கிறது.

ஏன் இந்த இரண்டு மாவட்டங்கள்

ஆந்திர–ஒடிசா எல்லை மலைப்பகுதிகளில் விளையும் கஞ்சா தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வர இரண்டு வழி. ஒன்று ரயில்: விசாகப்பட்டினம் பக்கமிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் போகும் தடத்தில் சாமல்பட்டியும் மொரப்பூரும் இருக்கின்றன. இன்னொன்று சாலை: சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையும் பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சந்திக்கின்றன. வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் ஆந்திரமும் கர்நாடகமும், ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். அந்தப் பக்கமிருந்து போதை மாத்திரையும் 'மெத்' எனப்படும் மெத்தாம்பெட்டமினும் வருகின்றன.

கர்நாடக மது பாக்கெட்டும் குட்காவும் இதே சாலையில்தான் பிடிபடுகின்றன. செய்தியில் எல்லாமே 'போதைப்பொருள்' என்று வந்தாலும் சட்டங்கள் வேறு. மதுவுக்குத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. குட்காவுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006. கஞ்சா, அபின், ஹெராயின், 'மெத்' போன்றவற்றுக்குத்தான் என்.டி.பி.எஸ். எனப்படும் 1985ஆம் ஆண்டுச் சட்டம். தண்டனை, ஜாமீன், பின்னால் தேர்தலில் நிற்கும் தகுதி என எல்லாமே எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. வேன் நிறையக் குட்காவோடு பிடிபட்டவன் சீக்கிரம் வெளியே வருவதும், ஒரு பை கஞ்சாவோடு பிடிபட்டவன் உள்ளேயே இருப்பதும் இதனால்தான்.

எடைதான் முதல் கேள்வி

2001இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் 'சிறு அளவு', 'வணிக அளவு' என்று இரண்டு கோடுகள் போடப்பட்டன. நம் பக்கம் பிடிபடுபவற்றில் முக்கியமானவை:

1. கஞ்சா: சிறு அளவு 1 கிலோ, வணிக அளவு 20 கிலோ.
2. சரஸ் (கஞ்சாச் செடியின் பிசின்): 100 கிராம், 1 கிலோ.
3. ஹெராயின்: 5 கிராம், 250 கிராம்.
4. மெத்தாம்பெட்டமின்: 2 கிராம், 50 கிராம்.
5. எம்.டி.எம்.ஏ.: அரை கிராம், 10 கிராம்.

கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அதிகபட்சம் ஓராண்டுக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். வணிக அளவென்றால் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு, அபராதம் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம். குற்றம் நிரூபணமானால் பத்தாண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு இடமில்லை.

கோட்டின் மேலேயே எடை நின்றால் என்ன ஆகும்? குறிப்பிட்ட எடைக்குக் 'குறைவானது' சிறு அளவு, 'அதிகமானது' வணிக அளவு என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால் சரியாக 1 கிலோ சிறு அளவு ஆகாது, சரியாக 20 கிலோ வணிக அளவும் ஆகாது. '20 கிலோ 50 கிராம் கஞ்சா பறிமுதல்' என்ற செய்தியைப் படிக்கும்போது அந்த 50 கிராமைக் கவனியுங்கள். பத்தாண்டு வரை போகக்கூடிய வழக்கை, பத்தாண்டுக்குக் கீழே இறங்காத வழக்காக்குவது அதுதான்.

எடை பார்ப்பதிலேயே வழக்கு சறுக்குவதும் உண்டு. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா கணக்கில் வராது. தண்டு, வேர், இலை எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்து '21 கிலோ' என்று மகஜர் (சாட்சிகள் கையெழுத்தோடு எழுதும் பறிமுதல் பத்திரம்) எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது "பூ எவ்வளவு, தண்டு எவ்வளவு?" என்பதைத்தான். ரயிலில் வருவது பெரும்பாலும் பழுப்பு டேப் சுற்றிய பண்டல். ஒரு பையில் இரண்டு இரண்டு கிலோவாகப் பத்துப் பண்டலும், கூடவே அரைக் கிலோவில் ஒரு சிறிய பொட்டலமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டேப்போடும் பாலித்தீனோடும் நிறுத்தினால் இருபதரைக் கிலோ வரும். உறைகளைப் பிரித்து நிறுத்தினால் இருபதுக்குக் கீழே இறங்கிவிடலாம். மொத்த எடை, நிகர எடை இரண்டையும் தனித்தனியாக எழுதாத மகஜர், பத்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை உள்ள வழக்கில் பெரிய ஓட்டை.

பவுடர், மாத்திரை போன்ற கலவைகளில் நிலைமை நேர்மாறு. ஹீரா சிங் வழக்கில் 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கலப்படப் பொருளின் எடையையும் சேர்த்தே அளவைக் கணக்கிட வேண்டும் என்றது. ஹெராயின் கொஞ்சமும் குளுக்கோஸ் மீதியும் இருந்தாலும் மொத்த எடைதான் கணக்கு.

செடி வளர்ப்பவருக்கு இந்தக் கோடுகளே இல்லை. அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதியில் துவரை வரிசைக்குள் நாலு செடி நின்றாலும் சாகுபடிப் பிரிவில் பத்தாண்டு வரை போகலாம். கடத்துகிறவனுக்கு எடை பார்க்கும் சட்டம், செடி வைத்த கூலி விவசாயிக்குப் பார்ப்பதில்லை. இது நியாயமில்லை. அவர்களில் பலர் யாரோ கொடுத்த விதைக்கும் முன்பணத்துக்கும் மாட்டிக்கொண்டவர்கள்.

முதல் மூன்று நாளின் தாள்கள்

என்.டி.பி.எஸ். வழக்கில் விடுதலை வந்தால், அது பெரும்பாலும் கீழே உள்ள படிகளில் ஒன்றில் சறுக்கியதால் வருவது.

1. தகவலும் பதிவும். வீட்டிலோ கிடங்கிலோ பொருள் இருப்பதாகத் தகவல் வந்தால் 42ஆம் பிரிவுப்படி அதை எழுத்தில் பதிய வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் போக வேண்டும். சூரியன் மறைந்தபின் வாரண்ட் இல்லாமல் நுழைந்தால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். பொது இடம், பேருந்து, ரயில் என்றால் 43ஆம் பிரிவு. அதில் மேலே சொன்ன பதிவுக் கட்டாயம் இல்லை. ஒரே நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாயில் நிறுத்திய அரசுப் பேருந்துக்கு 43, அதே இடத்தில் நிற்கும் சொந்தக் காருக்கு 42. தனியார் வாகனம் பொதுச் சாலையில் நின்றாலும் அது 'பொது இடம்' ஆகாது என்று பூட்டா சிங் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாள் தாமதமாகி, அதற்கு ஏற்கத்தக்க காரணமும் இருந்தால் நீதிமன்றம் ஏற்கும். தாளே இல்லையென்றால் ஏற்காது.

2. உடல் சோதனை. சட்டைப்பையையோ இடுப்பையோ சோதிக்கும் முன், அருகிலுள்ள நீதித்துறை நடுவர் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும். இது 50ஆம் பிரிவு. "அல்லது எங்கள் எஸ்.ஐ. முன்னால் சோதிக்கலாமா?" என்று மூன்றாவது வழி ஒன்றைச் சேர்ப்பது தவறு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இரண்டு பேரை நிற்க வைத்துச் சேர்த்துச் சொல்வதும் செல்லாது, ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். கையில் தூக்கிவந்த பை 'உடல்' ஆகாது. பைச் சோதனைக்கு 50ஆம் பிரிவு தேவையில்லை.

3. மாதிரி எடுப்பது. முன்பு பிடித்த இடத்திலேயே மாதிரி எடுத்து அரக்கு முத்திரை வைப்பார்கள். இப்போது 52ஏ பிரிவும் 2022 டிசம்பரில் வந்த விதிகளும் நடுவர் முன்னிலையில் எடுக்கச் சொல்கின்றன. கஞ்சா, சரஸ், அபினுக்கு ஒரு மாதிரி 24 கிராமுக்குக் குறையக் கூடாது, மற்றவற்றுக்கு 5 கிராம். இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒரே மாதிரி இருக்கும் கஞ்சாப் பண்டல்களை நாற்பது நாற்பதாகத் தொகுத்து மாதிரி எடுக்கலாம், ஆனால் எல்லாம் ஒரே பொருள்தான் என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். இங்கே நடக்கும் தவறு, ஒவ்வொரு பண்டலிலும் ஒரு பிடி அள்ளி முதலிலேயே கலந்துவிடுவது. அதற்குப் பின் எந்தப் பண்டலில் கஞ்சா இருந்தது, எதில் வெறும் தழை இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் பிடிபட்ட இரண்டு சரஸ் துண்டில் ஒன்றைத்தான் ஆய்வுக்கு அனுப்பினார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒன்றின் எடையை மட்டுமே கணக்கில் எடுத்தது.

4. அறிக்கை. கைது அல்லது பறிமுதல் நடந்த 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு முழு விவரம் போக வேண்டும்.

5. சாட்சி. மகஜரில் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரரோ ஆட்டோ ஓட்டுநரோ நாலு வருஷம் கழித்துக் கூண்டில் ஏறி "வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்" என்றால் பிறழ் சாட்சி. போலீஸ் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் அப்போது மேலே சொன்ன தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையைச் செல்போனிலாவது வீடியோ எடுக்கச் சொல்வது இதனால்தான். நேர்மையான போலீஸ்காரருக்கும் பொய் வழக்கில் மாட்டியவருக்கும் ஒரே நேரத்தில் உதவும் ஏற்பாடு இது.

எல்லாப் பிழையும் வழக்கைக் கவிழ்க்காது. 52ஏ நடைமுறையில் குறை இருந்தாலும், மற்ற சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை வைத்தே தண்டிக்கலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

வாக்குமூலம் வேறு கதை. 67ஆம் பிரிவில் அதிகாரிகள் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே ஒரு காலத்தில் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2020 அக்டோபர் 29 அன்று வந்த தூஃபான் சிங் தீர்ப்பு அதை நிறுத்தியது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. செய்தியில் 'பிடிபட்டவர் கொடுத்த வாக்குமூலத்தில் பிரமுகர் பெயர்' என்று வந்தால், அந்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து அந்தப் பிரமுகரைத் தண்டிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜாமீன் ஏன் ஒருவனுக்குக் கிடைக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை

வணிக அளவு வழக்கில் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், 'இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் குற்றம் செய்யமாட்டார்' என்ற இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். விசாரணையே தொடங்காத நிலையில் இதைக் காட்டுவது மிகக் கடினம். சிறு அளவிலும் இடைப்பட்ட அளவிலும் இந்தத் தடை இல்லை. '2 கிலோவோடு பிடிபட்டவன் மறு மாதமே வெளியே' என்பதற்கு, பெரும்பாலும், காரணம் இவ்வளவுதான்.

குற்றப்பத்திரிகைக்கான கெடுவும் வேறுபடும். சாதாரணக் குற்றங்களுக்கு 60 அல்லது 90 நாள், வணிக அளவுக்கு 180 நாள். காரணம் காட்டி ஓராண்டு வரை நீட்டிப்புக் கேட்கலாம். அந்த நாள் தாண்டியும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் கைதியின் உரிமை. விசாரணை வருடக்கணக்கில் இழுத்தால் 37ஆம் பிரிவு வழக்கிலும் ஜாமீன் தரலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஜாமீன் கிடைக்கும் நேரத்தில் குண்டாஸ் வரும். 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 'போதைப்பொருள் குற்றவாளி' என்று மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டால் ஓராண்டு வரை தடுப்புக் காவல். இது தண்டனை அல்ல, விசாரணையும் இல்லை. உத்தரவுக்குப் பன்னிரண்டு நாளுக்குள் அரசு ஒப்புதல், ஐந்து நாளுக்குள் கைதிக்குக் காரணங்கள், மூன்று வாரத்துக்குள், காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்புதல் என்று கெடுக்கள் உண்டு. மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், படிக்கவே முடியாத நகல், தமிழில் மொழிபெயர்க்காத ஆவணம் போன்ற காரணங்களால் உயர் நீதிமன்றத்தில் இந்த உத்தரவுகள் ரத்தாவது வாடிக்கை. நிரூபிக்க வேண்டிய வழக்கை ஒழுங்காக நடத்தாமல், ஆளை உள்ளே வைக்கக் குண்டாஸைக் கையில் எடுப்பது குறுக்குவழி. ஆறேழு மாதத்தில் உத்தரவு உடையும், மூல வழக்கு அப்போதும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

லாரி உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவர் ஏற்றிய சரக்கில் கஞ்சா இருந்தால் லாரியும் பறிமுதலாகும். தனக்குத் தெரியாமல் நடந்தது, தன்னால் ஆன முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்று உரிமையாளர்தான் காட்ட வேண்டும். லோடு ரசீது, ஜி.பி.எஸ். பதிவு, டிரைவர் நியமன விவரம் இவைதான் அப்போது கைகொடுக்கும். வழக்கு முடியும்வரை வண்டி காவல் நிலையத்தில் துருப்பிடிக்க வேண்டியதில்லை. இடைக்காலமாக விடுவிக்கச் சட்டத்தில் தடையில்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புகைப்பவனை என்ன செய்வது

பயன்படுத்துவதற்கு 27ஆம் பிரிவு. கஞ்சாவுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோகைன், ஹெராயினுக்கு ஓராண்டு, 20,000. அதே சட்டத்தில் 64ஏ என்ற கதவும் இருக்கிறது: அடிமையானவர் அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், சிறு அளவு வழக்கிலும் 27ஆம் பிரிவு வழக்கிலும் அவர்மேல் வழக்கு நடத்த முடியாது. பாதியில் விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் இருபது வயதுப் பையனின் பெற்றோருக்கு முதலில் தெரிய வேண்டியது இந்தப் பிரிவுதான். ஆனால் அவர்கள் அலைவது ஜாமீன்தாரரைத் தேடி. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: சொந்தமாகப் புகைப்பவனைப் பிடித்துக் கணக்கை உயர்த்துவதால் ஆந்திர எல்லையிலிருந்து அனுப்புகிறவனுக்கு எந்தச் சேதமும் இல்லை. அந்த நேரத்தையும் ஆட்களையும் பணம் போட்டவனைத் தேடும் 27ஏ பிரிவு விசாரணைக்கும், சொத்து முடக்கத்துக்கும் திருப்ப வேண்டும். சிகிச்சை பற்றிக் கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

அரசியல்வாதியின் அந்தரங்கம்: கோடு எங்கே

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதற்கு முன்பே 1994இல், தமிழ்நாட்டிலிருந்து போன ராஜகோபால் வழக்கில், பொதுப் பதிவேட்டில் உள்ளதை யாரும் எழுதலாம், பொதுப் பதவியில் இருப்பவர் தன் பதவிக் கடமை பற்றிய விமர்சனத்துக்கு அந்தரங்கத்தைக் காரணம் காட்ட முடியாது என்று வகுத்தார்கள். புகை பிடித்தாரா, குடித்தாரா, யாரோடு வாழ்கிறார் என்பது அவர் சொந்த விஷயம். அது பொது விஷயமாவது கீழ்க்கண்ட இடங்களில்:

1. தண்டனை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(1) பட்டியலில் என்.டி.பி.எஸ். சட்டமும் இருக்கிறது. திருட்டு வழக்கில் ஒன்றரை வருஷம் தண்டனை பெற்றவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாம், ஏனென்றால் பொதுவான கோடு இரண்டு வருஷம். என்.டி.பி.எஸ். வழக்கில் வெறும் அபராதம் கட்டினாலே தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வருஷம் நிற்க முடியாது. சிறை என்றால் விடுதலைக்குப் பின்னும் ஆறு வருஷம். "அபராதத்தைக் கட்டி முடித்துவிடுங்கள்" என்ற யோசனையைக் கேட்டு 27ஆம் பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இளைஞர் அணிப் பையன்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பதவியில் இருப்பவர் தண்டனை பெற்றால் உடனே பதவி போகும். மேல்முறையீட்டுக்கென்று முன்பு இருந்த மூன்று மாத அவகாசம் 2013இல் லில்லி தாமஸ் வழக்கில் ரத்தாகிவிட்டது.

2. நிலுவை வழக்கு. வேட்புமனுவோடு தரும் படிவம் 26இல் வேட்பாளர் தன்மேல் உள்ள குற்ற வழக்குகளைச் சொல்ல வேண்டும். 2018இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும். 2020இலிருந்து, இவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியும் காரணம் வெளியிட வேண்டும்.

3. குடும்பம். படிவம் மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போரின் சொத்தைக் கேட்கிறது. அவர்கள்மேல் உள்ள வழக்கைக் கேட்பதில்லை. மகன் கஞ்சா வழக்கில் பிடிபட்டால் அது மகனின் வழக்கு. தகப்பனார் காவல் நிலையத்துக்குப் போன் போட்டு எடையைக் குறைக்கச் சொன்னதற்கு ஆதாரம் இருந்தால் அப்போது அது பொது விஷயம், குற்றமும்கூட.

4. வீடியோ. புகை விடும் வீடியோ எதையும் நிரூபிக்காது. அது என்ன பொருள் என்று ஆய்வகம் சொல்ல வேண்டும். பரப்புகிறவர்கள் அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கிறார்கள்.

வேட்பாளரின் எல்லா உடைமையையும் பழக்கத்தையும் அறியும் உரிமை வாக்காளருக்கு இல்லை, வேட்பாளர் தகுதிக்குச் சம்பந்தமில்லாதது அவர் அந்தரங்கம் என்று 2024 ஏப்ரலில் கரிகோ கிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன். நடத்தையைப் பற்றிய வதந்தியில் ஊர் மூழ்கும்போது, படிவத்தில் மறைக்கப்பட்ட வழக்கு கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அந்தப் படிவத்தைப் பார்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மனு தாக்கலானதும் தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலகத் தகவல் பலகையில் ஒட்டப்படும், தேர்தல் ஆணைய இணையதளத்திலும் ஏறும். வழக்கை மறைத்திருப்பது தெரிந்தால் அதற்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், நீதிமன்ற வழக்கு எண் மூன்றையும் குறித்து, ஆதாரத்தோடு எதிர் உறுதிமொழிப் பத்திரமாக அலுவலரிடம் கொடுக்கலாம். அதுவும் அதே இடத்தில் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படும்.